கொன்றது எது?

1993 செப்டம்பர் 30. விடியற்காலை. மராட்டிய மாநிலம் கில்லாரி கிராமத்தில் மக்கள் அயர்ந்து தூங்கினார்கள். திடீரென்று பூமி குலுங்கியது. அந்த வட்டாரத்தில் சுமார் 10 ஆயிரம் பேர் மாண்டார்கள்.

கொன்றது பூமி அல்ல, சுவர்!

பூமிக்குள் பாறை பிளந்து நழுவும்போது அலைகள் கிளம்புகின்றன. முதலில் வருவது தள்ளும் அலை. பின்னால் வருவது ஆட்டும் அலை. இதுதான் பொல்லாதது. சுவர் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்காது. கில்லாரியில் கல்லையும் மண்ணையும் வைத்துக் கனமான சுவர்கள் எழுப்பி இருந்தார்கள். அவை சரிந்து மக்களை அமுக்கிவிட்டன.

நிலநடுக்கத்தைத் தடுக்க முடியாது. ஆனால், ஜன்னலுக்கு மேலே நான்கு சுவர்களையும் சுற்றிக் கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் போடலாம். அரைஞாண் போல அது சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கும். வீடு கட்டுவோர் இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது. சுவர் நின்றால் குடும்பம் பிழைக்கும்!