ரத்தம் வரலைன்னா அடி படலைன்னு அர்த்தமில்லை

முப்பது வருடம் உயிரியல் நடத்தினேன். மண்ணீரலுக்கு ஒரே வரி: 'சிவப்பணுக்களின் இடுகாடு'. ஒரு மதிப்பெண் கேள்வி. அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று கை வைத்துக் காட்டச் சொன்னதே இல்லை. என் தவறுதான்.

எண்ணூர் விரைவு சாலையில் கண்டெய்னர் லாரிக்கு ஒதுங்கியதில் பைக்கோடு விழுந்தான் என் பழைய மாணவன். ஒரு சொட்டு ரத்தமில்லை. வீட்டுக்குப் போய்விட்டான். ராத்திரி வயிற்றிலும் இடது தோளிலும் வலி, மயக்கம். ஹேண்டில்பார் குத்தி மண்ணீரல் கிழிந்திருந்தது. அதை எடுத்துத்தான் பிழைக்க வைத்தார்கள். இனி அவனுக்குக் காய்ச்சல் வந்தாலே உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். கிருமியைத் தடுக்கும் காவல்காரன் போய்விட்டானே!

இடது பக்கம் 9, 10, 11-ஆம் விலா எலும்புகளுக்கு உள்ளே, கைமுட்டி அளவு, சுமார் 150 கிராம். மலேரியாவில் வீங்கியிருந்தால் சின்ன அடியே போதும்.

இடுப்பு எலும்பும் இப்படித்தான். மூன்று எலும்புகள் பதின்வயதில் சேர்ந்து ஒன்றானது அது. இடுப்பு நொறுங்கினால் உள்ளுக்குள்ளேயே லிட்டர் கணக்கில் ரத்தம் போகும். நாமோ கையை ஒருவர், காலை ஒருவர் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்கிறோம். வேண்டாம். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

செலவுக்குப் பயந்து வீட்டுக்குப் போகாதீர்கள். 2021-இல் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, வரம்புக்குட்பட்டு, அரசே பணம் கட்டுகிறது.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை பாடம் நடத்தும் ஆசிரியர்களே, படம் வரையச் சொல்வதற்கு முன் பிள்ளைகளைத் தங்கள் விலாவிலும் இடுப்பிலும் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லாரி ஓடும் ஊரில் அதுதான் முதல் பாடம்.