வீடு தரும் வலிமை

நெய்வேலிச் சுரங்கத்தைக் காணச் செல்பவர், மண்ணை வாரிக் கொட்டும் மாபெரும் பொறிகளைக் கண்டு வியப்பர். ஆனால், கண்ணில் எளிதாகப் படாத பணி ஒன்றும் அங்கு உண்டு. பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியில் ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. அந்நீரை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தரை நிலைக்கும். இறைப்பு நின்றால் தரை பிளந்து நீர் உட்புகும். 1961ஆம் ஆண்டில் இங்கு முதன்முதலாக நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. அன்று போலவே இன்றும் நீர் இறைக்கும் பணி ஓயாமல் நடைபெறுகிறது.

இளம் பருவத்தினரின் உள்ளமும் இத்தகையதே. அச்சமும் நாணமும் துயரமும் அதன் அடியில் நின்று முட்டுகின்றன. அவற்றைக் கேட்டு ஆற்றுவார் வீட்டில் இருந்தால் உள்ளம் நிலைக்கும், இல்லையேல் உடையும்.

இவ்வுண்மையைத் தம் கதைகளால் விளக்கியவர் ஜெயகாந்தன். அவர் நெய்வேலிக்கு அருகிலுள்ள கடலூரில் 1934ஆம் ஆண்டில் பிறந்தவர். 1966இல் அவர் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையை எழுதினார். கல்லூரியில் பயிலும் ஏழைப் பெண் ஒருத்தி, மழை பெய்யும் மாலையில் அறிமுகமற்ற ஒருவனால் தீங்குக்கு ஆளாகிறாள். வீடு திரும்பித் தாயிடம் கூறுகிறாள். தாய் முதலில் அலறுகிறாள். ஆயினும் தன்னைத் தேற்றிக்கொண்டு, மகளின் தலையில் நீரை ஊற்றி, ‘உன்னிடம் மாசு இல்லை’ என்னும் உறுதியைத் தருகிறாள். மகள் மீண்டும் வாழத் தொடங்குகிறாள்.

தாய் அவ்வாறு செய்யாதிருந்தால்? அதற்கு விடையாக அவரே எழுதிய நாவல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதில் தாயின் அலறல் ஊரறியப் பரவுகிறது. தமையன் தங்கை கங்காவை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். மாமன் ஒருவர் அவளைப் படிக்க வைக்கிறார். ஆனால் அவருடைய உள்ளமும் தூயதன்று. கங்கா உயர்ந்த வேலையில் அமர்கிறாள். எனினும் எவரையும் நம்ப இயலாத தனிமையிலேயே வாழ்கிறாள். இந்நாவல் 1972ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது.

இரு கதைகளிலும் நேர்ந்த தீங்கு ஒன்றே. குற்றம் செய்தவனும் வெளியாள் ஒருவனே. வேறுபட்டது வீட்டார் நடந்துகொண்ட முறைதான். கங்கா படித்து முன்னேறினாளே, அவளுக்கு என்ன குறை என்று சிலர் கேட்கலாம். உணவும் உறைவிடமும் கல்வியும் வாழ்வதற்குத் தேவை. ஆனால் அவை மட்டும் துணை ஆகா. ‘நீ குற்றவாளி அல்லை, நாங்கள் இருக்கிறோம்’ என்னும் சொல்லே துணை. அச்சொல் உரிய பொழுதில் கிடைக்காமையால், பின்னர் வந்த பதவியும் பணமும் அவளுடைய புண்ணை ஆற்றவில்லை.

நெய்வேலி போன்ற தொழில் நகரியத்தில் இதை எண்ணிப் பார்ப்பது நன்று. வேலையின் பொருட்டுப் பல ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் இங்கு மிகுதி. பாட்டியும் அத்தையும் தொலைவில் இருப்பர். ஷிப்டு முறையில் இரவெல்லாம் உழைத்த தந்தை பகலில் உறங்குவார். யார்மீதும் பழியில்லை. எனினும் பிள்ளையின் வாடிய முகத்தைப் பார்த்து, ‘என்னம்மா, என்ன நடந்தது?’ என்று கேட்க நாளுக்குக் கால்மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். கேட்டபின் சினவாமல் செவிகொடுக்க வேண்டும்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. துன்பம் நேர்ந்தால் மறைக்காதீர்கள். ஒருவர் கேளாவிடில் மற்றொருவரிடம் கூறுங்கள். ஆசிரியர் இருக்கிறார், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. உங்கள் தோழர் ஒருவர் துயரோடு வந்தால், பழி கூறாமல் கேளுங்கள். கங்காவுக்குக் கிடைக்காத அத்துணையை நீங்கள் மற்றொருவருக்கு அளித்தவர் ஆவீர்கள்.