குடிபெயருமுன் குடியிருந்து பாருங்கள்



பள்ளித் தேர்வுகள் முடிந்து மே மாதம் பிறந்துவிட்டால், காயல்பட்டினம் முதல் அதிராம்பட்டினம் வரை நம் ஊர்களின் வீடுதோறும் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: "பிள்ளைகளின் படிப்புக்காகச் சென்னைக்கே போய்விடலாமா?" இக்கேள்வியில் குற்றமில்லை. 1951இல் தொடங்கிய நியூ கல்லூரியும், 1955இல் நம் பெண்மக்களுக்காக எழுந்த எஸ்.ஐ.இ.டி. கல்லூரியும் பல தலைமுறைகளை உயர்த்தியிருக்கின்றன. கல்வியை நாடிப் பயணப்படுவது நம் முன்னோர் பழகிய வழியே. ஆகவே, போகாதீர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பதே நாம் சொல்ல விரும்புவது.

இன்று பெரும்பாலான குடும்பங்களில் இம்முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? கணவர் துபாயிலோ ரியாதிலோ இருக்கிறார். சென்னையிலுள்ள உறவினர் ஒருவர் நான்கு புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். தொலைபேசியிலேயே வாடகை பேசி, முன்பணமும் அனுப்பியாகிவிடுகிறது. அந்த வீட்டில் நாள் முழுவதும் இருக்கப்போகிற மனைவி, லாரியிலிருந்து சாமான்கள் இறங்கும் நாளில்தான் அதை முதன்முதலாகப் பார்க்கிறார். பின்னர் தண்ணீர் வராத காலையையும், அறிமுகமில்லாத அண்டை வீட்டையும், பிள்ளையின் காய்ச்சலையும் தனியாகச் சந்திப்பவரும் அவரே. சுமப்பவரைக் கேட்காமல் சுமையை ஏற்றுவது மஷ்வராவும் ஆகாது, நீதியும் ஆகாது.

"அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்துக் கிளம்பிவிட்டோம்" என்று சிலர் சொல்வதைக் கேட்கிறோம். வரலாற்றின் மகத்தான குடிபெயர்வு 622இல் நடந்த ஹிஜ்ரத். அதற்கு முன்பே முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்கள் யஸ்ரிபுக்கு அனுப்பப்பட்டு, அங்கே தங்கி, மக்களோடு பழகி, மார்க்கத்தைக் கற்பித்தார்கள். அகபாவில் உடன்படிக்கைகள் நடந்தன. பயணத்திற்கான ஒட்டகங்களை அபூபக்ர் (ரலி) அவர்கள் முன்கூட்டியே ஆயத்தம் செய்திருந்தார்கள். பாதை அறிந்த அப்துல்லாஹ் இப்னு உரைகித், முஸ்லிமாக இல்லாதபோதும், கூலிக்கு அமர்த்தப்பட்டார். இறைவனின் பாதுகாப்பில் முழு உறுதி கொண்டிருந்த தூதரே இத்தனை முன்னேற்பாடுகளைச் செய்தார்கள் எனில், முன்னேற்பாடு தவக்குலுக்கு எதிரானதன்று என்பது தெளிவு.

அப்படியாயின் எப்படிப் பார்ப்பது? ஃபிக்ஹில் நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஒரு பாகுபாடு இங்கே துணைபுரியும். போய்ச் சேரும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாள்கள் ஓரூரில் தங்க எண்ணியவர், ஷாஃபிஈ மத்ஹபின்படி முஸாஃபிர் என்னும் நிலையிலிருந்து நீங்கி முகீம் ஆகிறார். ஹனஃபி மத்ஹபில் அது பதினைந்து நாள். இச்சட்டம் தொழுகைக்கு உரியது என்றாலும், நகரத்தைப் பார்ப்பதற்கும் இப்பாகுபாடு பொருந்தும். இரண்டு நாள் வந்து, மெரினாவையும் தியாகராய நகரையும் சுற்றி, உறவினர் வீட்டுப் பிரியாணியை உண்டு திரும்புகிறவர் விருந்தினர். விருந்தினருக்கு நகரம் தன் நல்ல முகத்தையே காட்டும். ஒரு வாரமேனும் முகீமாக இருந்து பார்ப்பவருக்கே அதன் அன்றாட முகம் தெரியவரும்.

எனவே, உறவினர் வீட்டில் தங்காமல், நீங்கள் வாழ எண்ணும் பகுதியிலேயே சமையலறையுள்ள ஓர் இடத்தைச் சில நாள்களுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாள்களைத் தவிர்த்து, திங்கள் முதல் வெள்ளி வரை இருங்கள். பிள்ளை சேரவிருக்கும் பள்ளிக்குக் காலை எட்டு மணிக்குச் சென்று பாருங்கள். வேலைக்குச் செல்ல வேண்டியவர் தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் நெரிசல் வேளையில் ஒருமுறை பயணம் செய்யட்டும். தெற்கேயிருந்து வரும் வெளியூர்ப் பேருந்துகள் 2023 இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அங்கிருந்து மண்ணடிக்கோ திருவல்லிக்கேணிக்கோ சென்றுசேர எவ்வளவு நேரமும் செலவும் ஆகின்றன என்பதையும் கணக்கிடுங்கள். ஊரிலிருக்கும் முதிய பெற்றோரைக் காண ஒவ்வொரு முறையும் கடக்க வேண்டிய வழி அது.

பருவமும் முக்கியம். தை மாதத்தில் பார்த்தால் சென்னையின் எல்லாத் தெருக்களும் இனியவையே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பட்ட பாட்டை நாடறியும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. ஒரே பயணத்தில் மழையையும் கோடையையும் பார்க்க இயலாது. ஆனால் கேட்க இயலும். வீட்டு உரிமையாளரையும் தரகரையும் விட்டுவிட்டு, தெருமுனைக் கடைக்காரரையும் கீழ்த்தளத்தில் குடியிருப்பவரையும் கேளுங்கள்: மழைநீர் எதுவரை ஏறியது? மெட்ரோ தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பா? மின்சாரத்திற்குத் தனி மீட்டர் உண்டா, அல்லது உரிமையாளர் சொல்லும் கணக்கா? தமிழக அரசு வீடுகளுக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரத்தை இலவசமாகத் தருகிறது. தனி மீட்டர் இல்லாத வீட்டில் அதன் பயன் உங்களை வந்தடையாமல் போகலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. எழுத்திலான ஒப்பந்தத்தையும் கோருகிறது. இதை அறிந்துகொண்டு பேசுங்கள்.

பெயரைக் கேட்டவுடன் "வீடு முடிந்துவிட்டது" என்று சொல்லும் உரிமையாளர்களும் நகரில் உண்டு. மனம் நோகும், ஆயினும் சாமான்களோடு தெருவில் நிற்கும்போது அதை அறிவதைவிட, பார்வையிடச் சென்ற நாளிலேயே அறிவது நன்று. முஸ்லிமல்லாத அண்டை வீட்டாரோடு பல்லாண்டுகள் அன்போடு வாழ்ந்துவரும் நம் குடும்பங்களும் அதே நகரில் உண்டு. அவர்களையும் சந்தித்துவிட்டுத் திரும்புங்கள்.

அடுத்தது பள்ளிவாசல். சுபுஹுத் தொழுகைக்கு நடந்து சென்று பாருங்கள். தொழுகை முடிந்ததும் இமாமிடம் ஸலாம் கூறி அமருங்கள். ஜமாஅத்தில் புதிய குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் முறை என்ன, சந்தா எவ்வளவு, நாளை மகளின் நிக்காஹுக்கு எந்த ஜமாஅத்தின் கடிதம் வேண்டும், மவுத்து நேர்ந்தால் எந்த மையவாடியில் இடம் கிடைக்கும் என்றெல்லாம் கேளுங்கள். ஊரில் இவை நாம் கேட்காமலே கிடைத்தவை. நகரத்தில் கேட்டுப் பெற வேண்டியவை. வீட்டுப் பெண்கள் அப்பகுதிப் பெண்களைத் தனியே சந்தித்துப் பேசட்டும். ஆண்கள் பத்து நாளில் அறியாததை அவர்கள் ஒரு மாலைப் பொழுதில் அறிந்துவிடுவார்கள்.

மத்ரஸா ஆசிரியர்கள் என்ற முறையில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரபுக் கல்லூரிகளின் ஆண்டு ஷவ்வாலில் தொடங்கி ஷஅபானில் முடிகிறது. பள்ளிக்கூட ஆண்டோ ஜூனில் தொடங்குகிறது. இவ்விரண்டையும் பொருத்திப் பாராமல் கிளம்பும்போது, பத்து ஜுஸ்உ மனனம் செய்த பிள்ளை ஓதுவதற்கு இடமின்றி மாதக்கணக்கில் நின்றுவிடுகிறான். ஓதாமல் விட்ட ஹிஃப்ழு எவ்வளவு விரைவில் நழுவும் என்பதை உஸ்தாதுமார்கள் அறிவார்கள். பள்ளியில் இடம் கேட்கும் அதே பயணத்தில் மக்தபையும் பாருங்கள். பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். புதிய உஸ்தாதின் முன் ஒரு பக்கம் ஓதிக் காட்டட்டும்.

"ஒரு வாரம் தங்குவது வீண் செலவல்லவா?" என்று கேட்கலாம். தரகருக்கு ஒரு மாத வாடகை, லாரிக் கூலி, முன்பணம், திரும்பக் கிடைக்காத பள்ளிக் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். தவறான வீட்டிலிருந்து ஆறே மாதத்தில் மீண்டும் பெயரும் செலவு அதைவிடப் பன்மடங்கு. "வெளிநாட்டிலிருந்து வர விடுப்பில்லை" என்கிறீர்களா? மனைவி தம் தந்தையோடோ சகோதரரோடோ சென்று பார்க்கட்டும். அவர் சொல்லே முடிவாகட்டும்.

பார்த்துவிட்டு, "நமக்கு இது ஒத்துவராது" என்று திரும்புவதும் நல்ல முடிவே. பனூ ஸலிமா குலத்தார் நபியவர்களின் பள்ளிக்கு அருகே குடிபெயர விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருக்குமாறும், அவர்கள் நடந்துவரும் அடிகள் நன்மையாகப் பதியப்படுவதாகவும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். நன்மையான ஒன்றை நெருங்குவதற்காகவேனும், எல்லோரும் இடம்பெயர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

இஸ்திகாரா தொழுங்கள். ஆனால் அதைப் பார்வையிடுவதற்குப் பதிலாக்கிவிடாதீர்கள். கனவு வரும் என்று காத்திருப்பதன்று இஸ்திகாரா. கண்ணால் கண்டு, குடும்பத்தோடு கலந்துபேசி, ஒரு பக்கம் சாய்ந்த உள்ளத்தோடு இரண்டு ரக்அத் தொழுது, நன்மையானால் எளிதாக்கு, தீமையானால் திருப்பிவிடு என்று இறைவனிடம் ஒப்படைப்பதே அது.

நம் குடும்பங்கள் எங்கு வாழ்ந்தாலும் அங்கு நிம்மதியும் பரக்கத்தும் நிலைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.