கால் சுற்று



போன மாசம் எங்க தெருவில் ஒன்பதாவது படிக்கிற ஒரு தங்கச்சி ஆறு நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் இல்லை, கல்யாணமும் இல்லை. சைக்கிளோட பின் சக்கரம் ஆடுது, கடையில் கொடுக்க அவங்க அப்பாவுக்குக் கூலி வரணும், அதுவரைக்கும் லீவு. நான் போய்ப் பார்த்தேன். கோன் லூஸ், அவ்வளவுதான். ரெண்டு ஸ்பேனர், கால் மணி நேரம். அதுக்கு ஆறு நாள் பாடம் போச்சு. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். நம்ம சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு டூல்ஸ் பெட்டி வேண்டும். சைக்கிளில் வருகிற எல்லோருக்கும், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டத் தெரிய வேண்டும்.

"ஆடுது" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனா ஆட்டத்தில் வகை இருக்கு. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ரிம்மைப் பிடித்து இடதும் வலதுமாக அசைத்தால் 'லொடக்' என்கிறதா? அது கோன். சக்கரம் அசையாமல் ஃப்ரீவீல் மட்டும் லேசாகத் தள்ளாடினால் பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கிற பொடி பால்ஸ் உருள விட்ட இடம் அது. செயின் நடுவில் அரை அங்குலம் அமுங்கலாம். ரொம்பத் தொங்கினால் சக்கரத்தைப் பின்னால் இழுத்து நட்டை இறுக்கினால் போதும். மிதிக்கும்போது பெடல் 'டக்'கென்று வெறுமனே முன்னால் ஓடினால் மட்டும் அன்றைக்கே கடைக்குப் போங்க. ஃப்ரீவீல் உள்ளே இருக்கிற கொக்கி பிடிக்கவில்லை என்று அர்த்தம். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது அப்படி ஆனால் நெஞ்சு ஹேண்டில்பாரில்தான் போய் மோதும்.

கோனுக்கு வருகிறேன். சக்கரத்தை எடுத்து, செயின் இல்லாத பக்கத்து நட்டைத் தளர்த்தி, கோனை முட்டும் வரை கையால் இறுக்க வேண்டும். பிறகு கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி விட வேண்டும். அப்புறம் கோன் திரும்பாமல் மெல்லிசு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கணும்.

இந்தத் 'திருப்பி விடுவதை' நான் முதலில் மதிக்கவில்லை. ஆட்டத்தை எடுக்கத்தானே கழற்றினோம், மறுபடி எதுக்கு விடணும்? அண்ணன் ஓட்டிவிட்ட பழைய சைக்கிளில் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். ஆட்டம் போச்சு. கூடவே ஓட்டமும் போச்சு! ரெண்டு வாரம் மாவு மில் மாதிரி அரைத்தது. கழற்றினால் கோன் முழுக்கக் குழி. புது கோன், பக்கத்துக்கு 9 வீதம் 18 கால் அங்குல பால்ஸ், அம்மாவிடம் திட்டு. இயற்பியல் பரீட்சையில் உருளும் உராய்வு குறைவு என்று எழுதி மார்க் வாங்கினவள்தான் நான். உருள இடம் வேணும்னு தோணவே இல்லை. இப்போ நான் மாட்டின சக்கரத்தை லேசாகச் சுற்றி விட்டால், மெதுவாக முன்னும் பின்னும் ஆடி வால்வு தானாகக் கீழே வந்து நிற்கும்.

ஃப்ரீஸ்டைல் சைக்கிளில் சாகசம் செய்கிறவர்களுக்கு ஃப்ரீகோஸ்டர் என்று ஒரு பின் ஹப் உண்டு. நம்ம சைக்கிளைப் பின்னால் தள்ளினால் பெடலும் பின்னால் சுற்றும். அதில் சுற்றாது, ஏன்னா உள்ளே கிளட்ச் ஹப்பை விட்டு விலகி நிற்கும். அதனால் முன்னால் மிதித்தால் பெடல் கொஞ்சம் சும்மா நகர்ந்த பிறகுதான் பிடிக்கும். அந்த இடைவெளி அதிகமானால் மிதிக்கிற காலுக்கு ஒண்ணும் அகப்படாது. ஹப்பைப் பொறுத்து உள்ளே வாஷர் மாற்றியோ ஆலன் கீ போட்டோ குறைப்பார்கள். முழுசாக எடுத்துவிட்டால் பின்னோக்கிப் போகும்போதே கிளட்ச் பிடித்து பெடல் காலைத் தள்ளிவிடும். அங்கேயும் என் கதைதான்.

"பசங்க எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுடுவாங்க" என்று ஒரு ஆசிரியர் சொன்னார். நியாயமான பயம். ஃப்ரீவீலைப் பிரிக்கக் கூடாது என்று பெட்டியிலேயே எழுதி ஒட்டிவிடலாம். பொடி பால்ஸ் மண்ணில் கொட்டினால் யாராலும் பொறுக்க முடியாது. கோட்டம் எடுப்பதும் கடை வேலைதான், மெக்கானிக் அண்ணன் பிழைப்பில் கை வைக்க மாட்டோம். பின் பெஞ்சில் இருந்து சிலர் என்னை "லேடி மெக்கானிக்" என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். அதில் ரெண்டு பேர் செயினை நான்தான் மாட்டிவிட்டேன்.

தலைமையாசிரியர் அய்யா அவர்களுக்கு: ரெண்டு ஸ்பேனர், ஒரு கோன் ஸ்பேனர், ஆயில் கேன், ஒரு டப்பா கிரீஸ். பூட்டு நாங்களே வாங்கிவிடுகிறோம்.

அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை கடைசி பெல் அடித்ததும் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் அண்ணனோட ஸ்பேனர்களோடு இருப்பேன். வர்றவங்க ஒரு பழைய துணி கொண்டு வாங்க. கிரீஸ் யூனிஃபார்மில் பட்டால் போகாது.

– ஒரு மாணவி, பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு