‘இயல்பு’ என்று சொல்லும் எண்

தமனி இரத்த வாயுப் பரிசோதனையின் முடிவைப் படிக்கச் செவிலியர் கல்வி ஓர் அட்டவணையைக் கற்பிக்கிறது. பிஹெச் 7.35 முதல் 7.45 வரை, கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 35 முதல் 45 மி.மீ. பாதரசம், பைகார்பனேட் லிட்டருக்கு 22 முதல் 26 மில்லிமோல். இந்த எல்லைக்குள் அமைந்தால் ‘இயல்பு’ என்று மாணவர் மனப்பாடம் செய்துகொள்கிறார்.

கடும் ஆஸ்துமாவில் இந்த மனப்பாடமே ஆபத்தாக முடியக்கூடும். நோயாளி வேகவேகமாக மூச்சு வாங்குவதால் கார்பன் டை ஆக்சைடு மிகுதியாக வெளியேறி, அதன் அழுத்தம் தொடக்கத்தில் 35க்குக் கீழே இறங்கும். பின்னர் எடுத்த பரிசோதனையில் அது 40 என்று வந்தால், நோயாளி தேறி வருகிறார் என்று பொருள்படலாம். மூச்சுத் தசைகள் களைத்துவிட்டன என்றும் பொருள்படலாம். இரண்டுக்கும் எண் ஒன்றே. வேறுபாட்டை முதலில் காண்பவர் கட்டிலருகே நிற்கும் செவிலியர்தான். முழு வாக்கியமாகப் பேசியவர் ஒற்றைச் சொல்லுக்கே திணறுகிறாரா? இரைப்பு அடங்கியது குணத்தாலா, காற்று உள்ளே போகாததாலா? கண் சொருகுகிறதா?

சூழலிலிருந்து பிரித்த சொல்லைப் போலவே, நோயாளியிடமிருந்து பிரித்த எண்ணும் பொருள் மயக்கம் தரும். ஆயினும் நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் செவிலியர், முடிவுச் சீட்டை மருத்துவரிடம் சேர்ப்பவராகவே கருதப்படுகிறார். தேர்வுத்தாள்கள் எண்ணோடு நோயாளியின் நிலையையும் முன்வைத்து விளக்கம் கேட்க வேண்டும். “எண் இயல்புதான், நோயாளி தளர்கிறார்” என்று செவிலியர் சொல்லும்போது, மருத்துவர் உடனே எழுந்து வர வேண்டும்.