லேடி பிராக்னெலின் குறிப்பேடு

“சிரித்துவிட்டுப் போகவேண்டிய நாடகம், உள்ளே ஒன்றும் கிடையாது.” ஆஸ்கர் வைல்டின் ‘தி இம்பார்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ பற்றி இந்த வாக்கியத்தை முதுகலை வகுப்பில் மாணவனாக உட்கார்ந்திருந்தபோது முதலில் கேட்டேன். பிறகு கைடுகளில் படித்தேன், ஆசிரியர் அறையில் கேட்டேன். அண்மையில் ஒரு கருத்தரங்கிலும் ஒருவர் அதையே புதிதாகக் கண்டுபிடித்தவர்போல் சொன்னார், அரங்கம் கைதட்டியது. இத்தனை ஆண்டுகள் பேசாமல் இருந்தது என் தவறு.

வைல்டே இதை அற்பமான நாடகம் என்று துணைத் தலைப்பில் சொல்லிவிட்டாரே என்கிறார்கள். அற்ப நாடகம், ஆனால் அக்கறையுள்ளவர்களுக்கு என்று அந்தத் தலைப்பு முடிகிறது. பாதியோடு நிறுத்திக்கொள்பவர்களிடம் என்ன பேசுவது?

பெர்னார்ட் ஷாவே இதில் ஈரமில்லை என்று எழுதினார் என்பது அடுத்த ஆயுதம். ஷா அன்று தவறினார். அவ்வளவுதான்.

ஆள்மாறாட்டம் ரோமானியர் பிளாட்டஸ் காலத்துப் பழைய உத்தி என்பது மூன்றாவது. பிளாட்டஸின் இரட்டையர்களை ஊரார்தான் குழப்பிக்கொள்கிறார்கள், இரட்டையர்மீது குற்றமில்லை. இங்கே ஜாக் தானே இன்னொருவனைச் செய்துகொள்கிறான். கிராமத்தில் அவன் செசிலி என்ற பெண்ணுக்குக் காப்பாளன், ஒழுக்கசீலன். லண்டனில் எர்னஸ்ட் என்ற பெயரில் கூத்தடிக்கிறான். அவன் நண்பன் ஆல்ஜெர்னானோ படுத்த படுக்கையாகக் கிடக்கும் பன்பரி என்றொரு நண்பனைக் கற்பித்து, வேண்டாத விருந்துகளிலிருந்து தப்பிக்கிறான். ஒரே பெயரோடு நிம்மதியாக வாழவிடாத சமூகம் அது. செசிலி இன்னும் கண்ணால் காணாத எர்னஸ்டோடு தன் நாட்குறிப்பிலேயே நிச்சயதார்த்தம் முடித்துவிடுகிறாள். எந்தப் பெயருக்குச் சந்தையில் மதிப்பு என்பதுதான் இங்கே கேள்வி. கண் செய்த பிழைக்கு இதில் வேலையே இல்லை.

இனி என்னை உறங்கவிடாத நான்காவது வாதம்: இந்த நாடகத்துக்கும் அதன் காலத்துப் பொருளாதாரத்துக்கும் தொடர்பில்லையாம். முதல் அங்கத்தைத் திறந்து பாருங்கள். மகள் குவெண்டலனைக் கேட்டு வந்த ஜாக்கை, லேடி பிராக்னெல் பென்சிலும் குறிப்பேடுமாக உட்கார்ந்து விசாரிக்கிறாள். வருமானம்? ஆண்டுக்கு ஏழாயிரம், எட்டாயிரம் பவுண்டு. நிலத்திலா, முதலீட்டிலா? பெரும்பாலும் முதலீட்டில். அவளுக்குத் திருப்தி. உயிரோடிருக்கும்போது ஒரு வரி, செத்த பிறகு ஒரு வரி என்றாகிவிட்டதால் நிலத்தில் லாபமும் இல்லை, சுகமும் இல்லை என்பது அவள் கணக்கு.

அரங்கம் இங்கே சிரிக்கிறது. 1895 பிப்ரவரி 14 அன்று செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கோ அது சொந்த வீட்டுச் செய்தி. கடல் கடந்து வந்த மலிவுத் தானியத்தால் இருபது ஆண்டுகளாக இங்கிலாந்தில் குத்தகை விழுந்துகொண்டே இருந்தது. 1894-இல் நிதியமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட் மரண வரிகளைத் திருத்தி அமைத்து, பத்து லட்சம் பவுண்டைத் தாண்டிய சொத்துக்கு நூற்றுக்கு எட்டு என்று வைத்தார். நிலப்பிரபுக்கள் அலறினார்கள். அதே ஆண்டுக் கோடையில்தான் வொர்திங் கடற்கரையில் உட்கார்ந்து வைல்ட் இதை எழுதினார். ஒரு வர்க்கம் நிலத்தை விட்டுப் பங்குப் பத்திரத்துக்குக் குடிபெயர்ந்ததைப் பெண் பார்க்கும் படலத்தின் இரண்டு வரியில் வைத்துக் காட்டியவர் அவர். இதற்கா உள்ளே ஒன்றும் இல்லை என்று பெயர்?

விசாரணை தொடர்கிறது. பெல்கிரேவ் சதுக்கத்தில் வீடு உண்டு, ஆனால் நாகரிகமில்லாத பக்கம். பெற்றோர்? தெரியாது. விக்டோரியா ரயில் நிலையத்தில் ஒரு கைப்பையில் கண்டெடுத்த குழந்தை அவன். வரன் தட்டிப்போகிறது. கடைசி அங்கத்தில் அதே லேடி பிராக்னெல் செசிலியை ஏற இறங்கப் பார்க்கிறாள், மதிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு 1,30,000 பவுண்டு அரசாங்கப் பத்திரத்தில் இருக்கிறது என்று தெரிந்த நொடியில் கிளம்பியவள் உட்கார்ந்துவிடுகிறாள். திருமணத்தின்போது தன்னிடம் காலணா இல்லை என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். வாசலைத் தாண்டி உள்ளே வந்தவள், அந்த வாசலுக்கே காவல் நிற்கிறாள். இதைவிடத் தெளிவாக வர்க்கத்தைக் காட்டிய காட்சி அந்தக் காலத்து ஆங்கில மேடையில் எனக்குத் தெரிந்து இல்லை.

ரூபாயின் வீழ்ச்சி பற்றிய பாடத்தை மட்டும் விட்டுவிடு என்று ஆசிரியை மிஸ் பிரிசம் செசிலியிடம் சொல்வதையும் வெறும் துணுக்காகக் கடக்கிறார்கள். வெள்ளி விலை சரிந்து, 1893-இல் இந்திய நாணயச் சாலைகள் பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளிக்குக் கதவடைத்தன. இங்கே ரூபாயில் சம்பளம் வாங்கி ஊருக்குப் பவுண்டில் அனுப்பிய ஆங்கிலேயக் குடும்பங்களின் வயிற்றில் அடித்த செய்தி அது.

கவலை தெரியாத மனிதனின் விளையாட்டு என்பது கடைசிப் புகார். நான்கு அங்கமாக எழுதியதை நடிகர் ஜார்ஜ் அலெக்ஸாண்டர் மூன்றாகக் குறைக்கச் சொன்னார். வெட்டுப்பட்டதில் ஒரு காட்சி: உணவு விடுதிக் கடனுக்காக ‘எர்னஸ்டை’ ஹாலோவே சிறைக்குக் கொண்டுபோக ஒரு வழக்கறிஞர் வந்து நிற்கிறார். முதல் காட்சி நடந்து இரண்டு மாதம் ஆவதற்குள் வைல்டே அந்த ஹாலோவேயில் விசாரணைக் கைதி. விளம்பரங்களிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள். மே மாதம் நாடகமே நின்றது. 1899-இல் நூலாக வந்தபோதும் தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை, ‘லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்’ ஆசிரியர் என்றுதான் இருந்தது.

பாடம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த நாடகத்தை எடுக்கும்போது கைடை மூடிவையுங்கள். முதல் அங்கத்து விசாரணையை இரண்டு மாணவர்கள் உரக்கப் படிக்கட்டும். மூன்றாமவர் கரும்பலகையில் பவுண்டுக் கணக்கை எழுதிக்கொண்டே வரட்டும்.