லட்டு திருடினால் வீரன், பெயர் காலியா என்றால் கெட்டவன்

2008இல் போகோ தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சோட்டா பீம்’ பற்றிப் பெற்றோர் புலம்புவதெல்லாம் அடிதடியைத்தான். நாம் கேட்பது வேறு. டோலக்பூரில் பொறாமைக்காரன், பேராசைக்காரன், எல்லோரும் சிரிக்க அவமானப்படுபவன் பெயர் ஏன் ‘காலியா’? இந்தியில் ‘காலா’ என்றால் கறுப்பு. டுன்டுன் கடை லட்டைத் திருடித் தின்றால் பீமுக்கு அது வீரம். காலியா தின்றால் பேராசை! கறுப்பு எந்தச் சாதியின் நிறமும் அல்ல. ஆனால் நிறத்தை வைத்துச் சாதியை மோப்பம் பிடிக்கும் சமூகம் இது. வகுப்பறையில் கறுத்த குழந்தைக்குப் பட்டப்பெயரைத் தொலைக்காட்சியே தயாரித்துத் தருகிறது. தோழர்களே, சேனலை மாற்றினால் போதாது. தம்பி தங்கையோடு உட்கார்ந்து பாருங்கள், “இவனுக்கு ஏன் இந்தப் பெயர்?” என்று கேளுங்கள். தயாரித்தவர்களிடமும் அதையே கேட்போம்.